சர்வர் ஸ்லோ என்றால் உடனே புது மெஷினா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாகர்கோவிலில் ஒரு அலுவலகத்துக்குப் பணம் கட்டப் போய் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். கேட்டால் "சர்வர் ஸ்லோ சார், புது மெஷினுக்கு எழுதியிருக்கு" என்கிறார்கள். மாசக் கடைசி என்றாலே அங்கே இதே பாட்டுதான். நான் இருபது வருஷம் சென்னையில் ஐபிஎம் பவர் சர்வர்களோடு மாரடித்துவிட்டு ஊர் திரும்பியவன். கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் பையன் எங்கள் ஊர்க்காரன், உள்ளே கூப்பிட்டுக் காட்டினான் (விட்டது முறையா என்று கேட்காதீர்கள்).

ஒரே மெஷினைத் தனித்தனி சர்வர்கள் போலப் பல பார்டிஷன்களாகப் பிரித்திருக்கிறார்கள். மெஷினில் 8 பிராசசர். அதில் 3, டெஸ்ட் பார்டிஷனுக்கு என்றே தனியாக ஒதுக்கியது, அது மாசக்கணக்கில் தூங்குகிறது. கூட்டம் மொத்தமும் மோதுகிற பில்லிங் பார்டிஷனுக்கு உத்தரவாதப் பங்கு 1. "அன்கேப்டு என்றுதானே போட்டிருக்கு மாமா, மீதி சும்மா கிடந்தா எடுத்துக்கணுமே" என்றான். சரிதான், ஆனால் வெர்ச்சுவல் பிராசசரும் (பார்டிஷனின் கண்ணுக்குத் தெரியும் பிராசசர்) 1 என்று போட்டிருந்தால் எப்படி எடுக்கும்? பார்டிஷன்கள் பங்கிட்டுக் கொள்ளும் பொதுப் பிராசசர் பூலில் ஒரு வெர்ச்சுவல் பிராசசர் ஒரு நிஜ பிராசசருக்கு மேல் ஒரு துளி கூடப் பயன்படுத்த முடியாது, பட்டணங்கால் வாய்க்காலில் கரை தொடத் தண்ணீர் ஓடினாலும் வயலுக்கு ஒரு சின்ன மடைதான் என்றால் அவ்வளவுதான் பாயும். எல்பார்ஸ்டாட் (பார்டிஷனின் பிராசசர் பயன்பாட்டைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தோம், எத்தனை நிஜ பிராசசர் செலவாகிறது என்று சொல்லும் பிஸ்சி என்ற பத்தி 1.00-இல் முட்டிக்கொண்டு நின்றது, பூலில் மிச்சப் பிராசசர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன.

அதற்காக வெர்ச்சுவல் பிராசசரை இஷ்டத்துக்கு ஏற்றவும் கூடாது. பார்டிஷன்களுக்குப் பிராசசரைப் பிரித்துக் கொடுக்கும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் 10 மில்லி செகண்டுக்கு ஒரு முறை வைத்துப் பங்கு போடுகிறது, 0.1 பங்கு என்றால் அந்த முறையில் 1 மில்லி செகண்ட்தான் உறுதி. ஒரு பங்கையே நிறைய வெர்ச்சுவல் பிராசசருக்குக் கூறு போட்டால் ஆளுக்குத் துளித் துளியாகத்தான் கிடைக்கும். பூலில் மிச்சமிருப்பதற்குப் போட்டி வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதை வெயிட் என்ற எண் தீர்மானிக்கும், 0 முதல் 255 வரை, யாரும் தொடாவிட்டால் 128. இங்கே பில்லிங்குக்கும் டெவலப்மென்ட் பார்டிஷனுக்கும் ஒரே 128!

வெர்ச்சுவல் பிராசசரை மெஷின் ஓடும்போதே கூட்டலாம். ஆனால் பார்டிஷனின் அமைப்பை எழுதி வைக்கும் புரொஃபைலில் அதிகபட்சத்தையும் 1 என்றே போட்டு வைத்திருந்த புண்ணியவான் யாரோ, அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்டிஷனை நிறுத்தித்தான் 3 ஆக்கினார்களாம், டெஸ்டிடம் இருந்த மூன்றையும் பூலில் விட்டார்களாம். இந்த மாசக் கடைசியில் நான் நின்றது பதினைந்து நிமிஷம்.

சர்வர் வாங்க ஃபைல் எழுதும் எந்த அலுவலகமானாலும் மாசக் கடைசி ஒரு வாரத்து எல்பார்ஸ்டாட் கணக்கை அதோடு இணைக்க வேண்டும், அது இல்லாத ஃபைலைத் திருப்பி அனுப்ப வேண்டும். நம் பணம்தானே போகிறது? மேலே சொன்ன இடத்தில் புது மெஷினுக்கான ஃபைல் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறதாம்.

ஓய்வு பெற்ற சர்வர் ஆசாமி,
தக்கலை.