சிலிக்கா ஜெல் மாற்றினாயா, பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் முன்னைக்குத் தேவலை. கேமராப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாற்றினாயா? பெங்களூர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். மாற்றிவிட்டு ஒரு வரி எழுது.

உன் டெலஸ்கோப் பத்திரமாக இருக்கிறது. கண்ணாடியை நான் துடைக்கவில்லை. துணி பட்டால் பூச்சில் கீறல் விழும் என்று நீ அம்மாவைச் சத்தம் போட்டது நினைவிருக்கிறது. ஐந்து அமாவாசை போய்விட்டது, நீ வரவில்லை. வேலை இருக்கும். வேலை இருக்கிறதுதானே? உன் அறையில் கேமராவைக் காணோம் என்று சின்னவன் சொன்னான். பழுது பார்க்கக் கொடுத்திருப்பாய் என்று நானே பதில் சொல்லிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

முந்தாநாள் இரவு டெலஸ்கோப்பை ஒற்றை ஆளாக மாடிக்குத் தூக்கிப் போனேன். அம்மாவுக்குத் தெரியாது. முதலில் திருவாதிரை, பிறகு மூன்று நட்சத்திர வரிசை, அதற்குக் கீழே நீ காட்டும் ஓரியன் நெபுலா, அந்த வாயு மேகம். அரைமணி நேரம் தேடினேன். கிடைத்தது. விறகடுப்பை அணைத்ததும் எழுமே, அப்படி ஒரு சாம்பல் புகை. நடுவில் நெருக்கமாக நான்கு நட்சத்திரங்கள். உன் படத்தில் இது செம்பருத்தி நிறத்தில் அல்லவா இருந்தது!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கண்ணால் வெளிச்சத்தைச் சேர்த்து வைக்க முடியாது. நீ நிமிடம் நிமிடமாக 120 படங்கள் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாய். மூடியைப் போட்டுக்கொண்டு எதைப் படம் எடுக்கிறாய் என்று நான் கேட்டதற்கு, கேமரா தானாகக் கிளப்பும் புள்ளிகளைக் கழிக்க அந்தக் கறுப்புப் படங்கள் வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாய். புதுக் கேமராவைப் பிரித்து உள்ளேயிருந்த வடிகட்டியை எடுத்தபோது ஆடித் தீர்த்தேன். ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பை அந்தக் கண்ணாடிதான் பெரும்பகுதி தடுக்கிறது என்று எனக்கு எங்கே தெரியும்? காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியை எட்டாம் வகுப்பில் உனக்குக் காட்டியவன் நான். அதற்குப் பிறகு நீ போன தூரம் எனக்கு எட்டவில்லை. ஆனால் பால்காரர் வரைக்கும் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட பெண் போனை எடுத்துப் பேசக் கூடாதா?

மூன்று இரவு பனியில் நின்று எடுத்த படத்தை நீ கொண்டுவந்து காட்டினாய். "இதைவிட நல்லதே இன்டர்நெட்டில் கிடைக்குமே" என்றேன். ஆம்பூர் மாமா முன்னால் சொன்னேன். நீ லேப்டாப்பை மூடினாய். சத்தமே வரவில்லை, அவ்வளவு மெதுவாக மூடினாய். மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் கேட்ட காலத்தில் புறப்பட்ட வெளிச்சம், 1,300 வருடம் வந்து நம் மாடியில் விழுந்தது. அதை என் மகள் பிடித்துக் காட்டினாள். அதற்கு நான் சொன்ன வார்த்தை அது. தப்பு என்னுடையது, பாப்பா.

துருவ நட்சத்திரம் நம் ஊரில் 12, 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், தென்னை மறைக்கிறது என்று மூன்று வருடம் சொன்னாய். நான் மரத்தைத் தொடவிடவில்லை. நேற்று ஆள் வைத்து வெட்டிவிட்டேன். காய்த்துக்கொண்டிருந்த மரம் என்று அம்மா என்னோடு பேசவில்லை. டெலஸ்கோப்பைத் தாங்கும் மவுண்டை வடக்கே நேர்பார்த்து நிறுத்த இனி எந்த மறைப்பும் இல்லை.

தை அமாவாசைக்கு வா. பனிக்குக் காதை மூடிக்கொள். கேமரா கையில் இல்லாவிட்டாலும் வா.

அப்பா