லயத்துக்கு வராத முடிவுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஏழை மக்கள் குடியிருப்புகளில் கழிப்பறை, குடிநீர், கைகழுவுதல் குறித்து நடக்கும் ஆய்வுகளைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். அப்படி ஓர் ஆய்வுக்குக் குழந்தைகளின் மலத்தைக் குப்பியில் பிடித்துக் கொடுத்தவர்கள் பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். கேரளத்தின் இடுக்கி மாவட்டம் பீருமேடு தாலுகாவில், தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, நடுவே 28 வருடம் அங்கன்வாடி டீச்சராக இருந்தவள்.

சுமார் 15 வருடத்துக்கு முன்பு எங்கள் லயங்களுக்கு ஒரு ஆய்வுக் குழு வந்தது. அப்போது எஸ்டேட் பூட்டிக் கிடந்தது. 2000-ஐ ஒட்டிப் பீருமேட்டில் பூட்டிய தோட்டங்களில் அதுவும் ஒன்று. பத்து வீட்டுக்கு இரண்டு கக்கூஸ், அதில் ஒன்றுக்குக் கதவு கிடையாது. கக்கூஸும் குடிதண்ணீரும் தோட்ட முதலாளியின் பொறுப்பு என்று 1951-ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. முதலாளியே போய்விட்ட பிறகு யாரிடம் போய்க் கேட்பது? மேல் லயத்துக் குழி நிறைந்தால் வழிந்து ஓடையில் இறங்கும். அதே ஓடையில்தான் கீழ் லயத்துக்காரர்கள் ஓஸ் போட்டுக் குடிக்கத் தண்ணீர் எடுத்தார்கள்.

வந்தவர்கள் நல்ல பிள்ளைகள், மரியாதையாகப் பேசினார்கள். ஆனால் கையில் இருந்த படிவம் மலையாளம். எங்கள் பெண்கள் மலையாளம் நன்றாகப் பேசுவார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, வயதானவர்களில் தமிழே வாசிக்காதவர்களும் உண்டு. நான்தான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். படிவத்தில் என்ன இருந்தது என்பதைவிட, "டீச்சர் சொல்றாங்க" என்பதற்காகத்தான் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று மாதம் நம்பர் ஒட்டிய குப்பிகளில் மலம், ரத்தம், ஓடைத் தண்ணீர் எல்லாம் போனது. அப்புறம் ஜீப்பும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

கொழுந்து எடுத்துவிட்டு வரும் வழியில் ஒரு தாய் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், எம் புள்ள வயித்துல என்ன இருந்துச்சாம்?" அந்தப் பிள்ளைக்கு மாதம் தவறாமல் வயிற்றால் போகும், எடை ஏறவே ஏறாது. எனக்குப் பதில் தெரியவில்லை. குழு விட்டுப்போன நம்பருக்குப் போன் செய்து பார்த்தேன், கிடைக்கவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஓய்வு பெற்ற பிறகு, இந்த மாதிரி ஆய்வுகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் என் மகளைத் தமிழில் சொல்லச் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஒடிசாவின் பூரி மாவட்டத்தில் 100 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களில் கழிப்பறை கட்டும் வேலையை நடத்திப் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. அந்தக் கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாகக் கூடியும், குழந்தைகளின் வயிற்றுப்போக்கோ குடற்புழுவோ குறையவில்லை. லயத்தில் இருந்தவளுக்கு இது ஆச்சரியமாகப் படவில்லை. நம் வீட்டில் கக்கூஸ் இருந்து என்ன, பக்கத்து வீட்டுக்காரர் ஓடைக்கரைக்குப் போனால் நம் பிள்ளையும்தானே அதைக் குடிக்கிறது.

என்னை யோசிக்க வைத்தது வேறு இரண்டு ஆய்வுகள். வங்காளதேசத்திலும் கென்யாவிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்து, 2018-இல் வெளிவந்தவை. கழிப்பறை, சோப்பு, சுத்தத் தண்ணீர் இவற்றால் மட்டும் குழந்தைகளின் வளர்த்தி இரண்டு நாட்டிலுமே கூடவில்லை. ஆனால் வங்காளதேசத்தில் கழிப்பறையும் கைகழுவுதலும் வயிற்றுப்போக்கைக் குறைத்தன, கென்யாவில் குறைக்கவில்லை. இதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று: வங்காளதேசத்தில் அந்தந்த ஊர்ப் பெண்களே ஒரு வீட்டுக்கு மாதம் ஆறு தடவை போல் போய்ப் பேசினார்கள். கென்யாவில் மாதம் ஒரு தடவைதான். கராச்சியின் குடிசைப் பகுதிகளிலும் இப்படித்தான், வாரா வாரம் ஆள் போய், சோப்பும் கொடுத்து, கைகழுவச் சொல்லித் தந்தார்கள். அங்கே குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பாதிக்கு மேல் குறைந்தது என்று 2005-இல் எழுதினார்கள்.

நம் தமிழ் பேசும் வேலூரிலும் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் இருந்த டாக்டர் ககன்தீப் காங் குழுவினர் குடிசைப் பகுதிக் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வருடம் பின்தொடர்ந்தார்கள். களப்பணியாளர்கள் வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்குப் போனார்கள். வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் ரோட்டா வைரஸ் ஒருமுறை வந்த குழந்தைக்கு அது திரும்பத் திரும்ப வருகிறது, முன்பு மெக்சிகோவில் நடந்த ஆய்வில் கண்ட அளவுக்கு, ஒருமுறை வந்துபோனதால் இங்கே பாதுகாப்பு கிடைப்பதில்லை என்பது 2011-இல் தெரிந்தது. அத்தனை நெருக்கமாகப் போய் வந்ததால்தான் இவ்வளவு தெரிந்தது என்று நினைக்கிறேன்.

எங்கள் இடத்திலேயே கண்ணால் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு ஒரு ஹெல்த் நர்ஸ் சின்னக் குப்பிகளோடு வந்தார். அதில் தண்ணீரை ஊற்றி வைத்தால், மல அழுக்குக் கலந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். அவர் குப்பிகளை எடுத்துப் போகாமல் அங்கன்வாடி ஜன்னலிலேயே வைத்துவிட்டுப் போனார். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் ஓடைத் தண்ணீர்க் குப்பி மை மாதிரி கறுத்திருந்தது. மேலே ஊற்றிலிருந்து பிடித்தது அப்படியே தெளிவாக இருந்தது. லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது. யாரும் எதுவும் உபதேசிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆண்களெல்லாம் சேர்ந்து, மேல் லயத்துக் கக்கூஸுக்கும் மேலே ஊற்று வரைக்கும் ஓஸை இழுத்துப் போட்டார்கள். காசு போதாமல் வீட்டுக்கு 200 ரூபாய் பிரித்தோம். அந்த முதல் குழு கொண்டுபோன தண்ணீரின் முடிவை அன்றைக்கே வந்து சொல்லியிருந்தால், அத்தனை வருடம் முன்பே இதைச் செய்திருப்போமே.

ஆய்வுக்கு ஒப்புதல் கேட்பது அவரவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், அதன் பயன் அந்த மக்களைச் சேர வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ICMR) 2017 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. சிறுபான்மையாக வாழும் தமிழர் தமிழிலேயே அரசுக்கு எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம் என்று கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமே எழுதி வைத்தது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. லயத்துச் சுவரில் ஒட்டுகிற எலிக்காய்ச்சல் நோட்டீஸ்கூட இன்றைக்கும் மலையாளத்தில் மட்டும்தான்.

இனி எந்தக் குழு சாம்பிள் கேட்டு லயத்துக்கு வந்தாலும், முடிவை எந்த மாதம் வந்து தமிழில் சொல்வார்கள் என்று பஞ்சாயத்து முதலிலேயே எழுதி வாங்கட்டும். அதைச் சொல்ல வருவது வேலை முடிந்து பெண்கள் வீட்டில் இருக்கும் சாயங்கால நேரமாக இருக்கட்டும். உங்கள் வாசகர்களில் ஆய்வாளர்கள் இருந்தால், பழைய குப்பிகளின் முடிவு எங்காவது கோப்பில் கிடந்தால், இப்போதும் அனுப்பலாம். அன்று கேட்ட தாய் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர்,
பீருமேடு தாலுகா, இடுக்கி மாவட்டம்