முதல் பந்தை விட்டால்தான் அழகா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் நடந்த மாணவர் பேஸ்பால் போட்டிக்குத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஆறு வரி ஒதுக்கியிருந்தீர்கள், நன்றி. அதில் கடைசி வரி இது: ‘முதல் பந்தை விட்டுப் பார்ப்பதே பேட்டருக்கு அழகு, அந்தப் பொறுமை நம் பிள்ளைகளிடம் இல்லை.’ ஸ்கோர் என்ன என்று தேடிப் பார்த்தேன். ஜெயித்த அணியின் பெயர்தான் கிடைத்தது. ஸ்கோருக்கு இல்லாத இடம் அறிவுரைக்கு இருந்திருக்கிறது.

எழுதியவர் கிரிக்கெட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறார். கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை விட்டால் பேட்ஸ்மேனுக்கு நஷ்டம் இல்லை. டெஸ்ட் மேட்ச் என்றால் ஒரு மணி நேரம் விட்டுக்கொண்டே இருக்கலாம், கைதட்டல்கூட விழும். பேஸ்பாலில் அடிக்கிற எல்லைக்குள் வந்த நல்ல பந்தை விட்டால் அம்பயர் ஸ்ட்ரைக் சொல்லிவிடுவார். வீசித் தவறினாலும் ஸ்ட்ரைக்தான். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் ஆள் வெளியே. கையில் மூன்று ரூபாய் வைத்திருப்பவன் கடைக்குள் நுழையும்போதே ஒரு ரூபாயை வாசலில் போட்டுவிட்டுப் போவதற்கு அழகு என்றா பெயர்?

அமெரிக்காவின் மேஜர் லீக்கில் பேட்டருக்கு வரும் முதல் பந்துகளில் ஏறத்தாழ 60 சதவீதம் ஸ்ட்ரைக்காகிறது. முதல் பந்து ஸ்ட்ரைக்காகிவிட்டால் அந்த பேட்டர் பேஸ் ஏறும், அதாவது அவுட்டாகாமல் முதல் பேஸையாவது எட்டும், வாய்ப்பு 27 சதவீதத்தை ஒட்டி இறங்குகிறது. எல்லைக்கு வெளியே போய் ‘பால்’ ஆகிவிட்டால் 38-ஐ ஒட்டி ஏறுகிறது. ஒரே ஒரு பந்து செய்கிற வித்தியாசம் இது. விட்டுப் பார்க்கச் சொல்கிறவர்கள் இதில் பாதியை மட்டும் காட்டுவார்கள்.

அடிக்கச் சொல்கிறவர்களும் இன்னொரு பாதியைத்தான் காட்டுகிறார்கள். ‘முதல் பந்தில் அடித்தவர்களின் சராசரி .330-க்கு மேல், அதனால் அடி’ என்பார்கள், அதாவது ஆயிரத்துக்கு 330 ஹிட். அந்த எண் அடித்து முடிவு தெரிந்த பந்துகளை மட்டும் எண்ணி வந்தது. வீசித் தவறினாலும், கோட்டுக்கு வெளியே ஃபவுல் போனாலும் ஆட்டம் 0-1 (பால் இல்லை, ஒரு ஸ்ட்ரைக்) என்று தொடரும். அந்தத் தோல்வி வேறு கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். ஜெயித்தவனை மட்டும் கூப்பிட்டுக் கேட்டால் எல்லா வழியும் நல்ல வழிதான். இந்த இரண்டு தப்பும் தாங்கள் அறியாததல்ல. தங்கள் செய்தியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடிக்கவா விடவா என்பதைப் பந்து வந்த பிறகு யோசிக்க நேரமும் கிடையாது. பந்து எறிகிற பிட்சரின் தட்டுக்கும் பேட்டர் பக்கத்து ஹோம் பிளேட்டுக்கும் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் போட்டால்கூட அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கிடைக்கும். அதில் பேட் சுழலவே 0.15 நொடி போய்விடும். ‘முதலில் பார்ப்போம்’ என்று நிற்கிற பையனுக்கு முன்கால் எழும்பாது, இடுப்பு திரும்பாது. நடுவில் வந்த பந்தையும் பார்த்துக்கொண்டு நிற்பான், இல்லை பதறிப் போய் வீசி இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கிற ஷார்ட் ஸ்டாப் கையில் தரைப் பந்தாகக் கொடுப்பான். பழக்க வேண்டியது நேர்மாறாக. ஒவ்வொரு பந்துக்கும் அடிக்கவே கிளம்ப வேண்டும். பந்து பிடிக்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முதல் பந்தில் எதை அடிப்பது என்றும் முன்னாலேயே முடிவாகியிருக்க வேண்டும். ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். பந்தின் குறுக்களவு சுமார் 3 அங்குலம். ஓரத்தை உரசினாலும் ஸ்ட்ரைக் என்பதால் பிட்சருக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 23 அங்குலம். அத்தனையையும் முதல் பந்திலேயே காக்க நினைக்கிறவன் எதையும் ஓங்கி அடிக்க மாட்டான். தனக்குப் பிடித்த ஓர் இடம், ஒரு வகைப் பந்து, அதாவது இடுப்பு உயரத்தில் உள்பக்கம் வருகிற ஃபாஸ்ட்பால், வந்தால் முழு வீச்சு. வெளி ஓரம் தாழ்ந்து வந்தால் ஸ்ட்ரைக்காக இருந்தாலும் போகட்டும். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகுதான் பிளேட் முழுவதும் அவன் பொறுப்பு. 1941-இல் .406 அடித்த மேஜர் லீக் பேட்டர் டெட் வில்லியம்ஸ், பந்து ஸ்ட்ரைக்காகும் எல்லையான ஸ்ட்ரைக் ஜோனைப் பந்து பந்தாக 77 கட்டமாகப் பிரித்து, இந்த இடத்தில் அடித்தால் இத்தனை என்று கணக்குப் போட்டவர். வெளியே தாழ்வான மூலைக்கு அவர் தனக்கே கொடுத்துக்கொண்ட மதிப்பு .230 தான். முதல் முறை களம் இறங்கும்போது முதல் பந்தை விடச் சொன்னவரும் அவரேதான்: அன்றைக்கு பிட்சரிடம் என்ன இருக்கிறது என்று பார்க்க. அதில் ஒரு காரணம் இருக்கிறது. தங்கள் செய்தியில் அது இல்லை.

காரணம் இருந்தால் விடலாம், நானும் விடத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பள்ளி அளவில் பாதிப் பிட்சர்களுக்குப் பந்து கையில் நிற்பதில்லை. முந்தைய ஆளுக்கு நாலு பாலும் ஓர் அடி தள்ளிப் போட்டவனிடம் போய் முதல் பந்தை அடிப்பது அவனுக்குச் செய்கிற உபகாரம். அதே நாலு பாலும் மயிரிழையில் தப்பியிருந்தால், அடுத்த பந்து நடுவில் வரும் என்று அடிக்கத் தயாராக நிற்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக்கி ‘பொறுமை’ என்று எழுதினால் படிக்கிற பையன் என்ன செய்வான்?

எதிராளியும் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதில்லை. மேஜர் லீக்கின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில், 2015-இல் முதல் ஆட்டத்தில் கான்சாஸ் சிட்டி அணியின் அல்சிடெஸ் எஸ்கோபார் தனக்கு வந்த முதல் பந்தையே அடித்து, வேலியைத் தாண்டாமலே நான்கு பேஸும் ஓடி முடித்தார். அவர் முதல் பந்துக்குக் கை நீட்டுவார் என்பது ஊருக்கே தெரியும். மூன்றாவது ஆட்டத்தில் நியூயார்க் மெட்ஸின் பிட்சர் சிண்டர்கார்ட் முதல் பந்தை அவர் தலைக்கு மேலே விட்டார். எப்போதும் அடிப்பவனையும் எப்போதும் விடுபவனையும் பிட்சர் ஒரே மாதிரி படித்துவிடுவான்.

நம் ஊர்க் காற்றைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்குப் போகிற கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்பது விதிப் புத்தகத்திலேயே உள்ளது. அப்படி அமைத்தால் ஆனி, ஆடியில் கணவாய் வழி வருகிற மேல்காற்று பேட்டரின் முதுகிலிருந்து பிட்சரின் முகத்துக்கு அடிக்கும். எதிர்காற்றில் கர்வ் பந்து கூடுதலாக வளையும். அன்றைக்கு முதல் பந்து கர்வாக வந்தால் விட்டுவிடுவதுதான் சரி. அதே காற்றில் தூக்கி அடித்த பந்து தூரம் போகும், ஆகவே ஃபாஸ்ட்பால் வந்தால் விடக்கூடாது. கேலரியில் ‘ஏல, அடிச்சுத் தூக்குல’ என்று கத்துகிறவருக்கு இது தெரிந்திருக்கிறது.

பிள்ளைகளிடம் பொறுமை இல்லை என்கிறீர்கள். 10 அங்குல உயரத்துக்கு மண் குவித்து பிட்சர் நிற்கும் மேடான மவுண்ட் போட்டால், கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று அடுத்த வாரமே சமப்படுத்திவிடுகிறார்கள். தட்டைத் தரையிலிருந்து வருகிற பந்தையே அடித்துப் பழகிய பையன், வெளியூர் போட்டியில்தான் மேட்டிலிருந்து இறங்கி வருகிற பந்தை முதல்முறை பார்க்கிறான். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது தனிக் கதை. இதில் ஒன்றையாவது தங்கள் பக்கத்தில் இதுவரை கண்டதில்லை. போன வருடம் பேஸ்பால் செய்திக்குச் சாஃப்ட்பால் படத்தைப் போட்டிருந்தீர்கள். பந்தின் அளவைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். கோவில்பட்டி ஹாக்கிக்குப் பெனால்டி கார்னர் எத்தனை என்று எண்ணிப் போடுகிறீர்கள், சங்கர் நகரில் டி.என்.பி.எல். என்றால் அரைப் பக்கம். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த பேஸ்பால் செய்தியில் இரண்டு அணிகளுக்கும் ரன், ஹிட் (அடித்து பேஸ் ஏறியது), எரர் (ஃபீல்டிங் தவறு) என்ற மூன்று எண்களைப் போடுங்கள். ஒரே வரியில் அடங்கிவிடும். இடம் போதாது என்றால் அறிவுரையை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
பேஸ்பால் பயிற்சியாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை