கொதிக்கும் சாம்பாரைப் பையில் கட்டாதீர்கள்

சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர்களுக்குக் கேட்டரிங் சாப்பாடு கொடுக்கும் முதலாளிகளுக்கும், அவர்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். எங்கள் சாப்பாடு எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். நள்ளிரவில் சமைத்தது விடியுமுன் நாங்கள் தங்கும் டோமிட்டரி விடுதி வாசலுக்கு வரும். எங்களோடு லாரியில் ஏறி, பகல் பன்னிரண்டு வரை கட்டட சைட்டில் ஒரு மூலையில் கிடக்கும். ஊசிப்போன சோற்றைப்பற்றிப் பலர் பேசியாயிற்று. நான் பேச வந்தது குழம்பு கட்டும் பிளாஸ்டிக் பையைப்பற்றி.

போன செவ்வாய்க்கிழமை என் சாம்பார் பை குழைந்து சுருங்கி, சோற்றுப் பொட்டலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தபோது கிழிந்து, ஒரு துண்டு சாம்பாருக்குள்ளேயே விழுந்தது. விரலால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன். வேறு சாப்பாடு கிடையாது. ஒரு மணிக்கு மறுபடி சாரத்தில் ஏற வேண்டும். சாயங்காலம் கேட்டரிங்காரருக்குப் போன் செய்தேன். “எல்லாருக்கும் இப்படித்தான் கட்டுறோம். வேண்டாம்னா அடுத்த மாசம் நிறுத்திக்கோங்க” என்றார். மாதம் 160 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டுகிறவனுக்குக் கிடைத்த பதில் இது.

கண்ணுக்குத் தெரிந்த துண்டை எடுத்துப் போட்டேன். தெரியாததை எப்படி எடுப்பது? காகிதக் குவளையின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அதில் 100 மில்லி வெந்நீரை ஊற்றி 15 நிமிடம் வைத்தாலே சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் கலப்பதாகக் கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் கண்டார்கள். அது வெறும் தண்ணீர். எங்களுடையது புளியும் எண்ணெயுமாகக் கொதிக்கக் கொதிக்கப் பைக்குள் இறங்கி, மணிக்கணக்கில் அதிலேயே கிடக்கிறது. பகலுக்குச் சாம்பார், ரசம், இரவுக்குக் குழம்பு என்று நாளுக்கு மூன்று பை. நான் இங்கே வந்து பதினோரு வருடம். பத்தாயிரம் பையாவது ஆகியிருக்கும்.

2024இல் இத்தாலிய மருத்துவர்கள், கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை நீக்கி எடுத்த கொழுப்பில் பிளாஸ்டிக் துகள்களைக் கண்டார்கள். துகள் இருந்தவர்களுக்கு அடுத்த மூன்றாண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் அபாயம், இல்லாதவர்களைப்போல் நாலரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அவர்கள் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் என் வயதிலேயே மாரடைப்பில் இறந்துபோன இரண்டு பேரை ஊருக்கு அனுப்பி வைத்தவன் நான். என்னால் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

இந்த ஊர் பிளாஸ்டிக்கைக் கவனிக்காத ஊர் அல்ல. 2023 ஜூலை முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை 17 நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. அதைச் சுத்திகரித்துத்தான் குழாயில் விடுகிறார்கள். தண்ணீருக்கு அவ்வளவு கவனம் இருக்கிறது. அந்தத் தீவில் கட்டடம் எழுப்புகிறவன் தட்டுக்கு ஏன் இல்லை? நாங்கள் பிவிசி குழாய் அறுக்கும்போது பறக்கிற தூளும், சாரத்தில் கட்டி வெயிலில் இற்றுப்போன பச்சை பிளாஸ்டிக் வலையிலிருந்து உதிர்கிற தூளும் எங்கள் மூக்கிலும் சைட் மண்ணிலும்தான் சேர்கின்றன. வாயிலும் அதே பொருள் போக வேண்டுமா? லாரியின் பின்னால் உட்கார்ந்து போகும்போது இதையெல்லாம் நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

மன்னியுங்கள், கேட்க வந்ததற்கே வருகிறேன். கொதிக்கும் எதையும் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். எவர்சில்வர் டப்பாவில் கொடுங்கள்.

பாத்திரத்தைத் திரும்ப வாங்க ஆளில்லை, லாரிக்கு இரண்டு நடை ஆகும் என்பீர்கள். நாளைய சாப்பாடு கொண்டுவரும் லாரியே இன்றைய டப்பாவை எடுத்துப் போகலாம். மும்பையில் டப்பாவாலாக்கள் 1890 முதல் சைக்கிளிலும் ரயிலிலும் டப்பா சுமந்து, அடையாளக் குறி போட்டு, வீட்டுச் சாப்பாட்டை ஆள் மாறாமல் சேர்த்து, காலி டப்பாவையும் அன்றைக்கே வீடு சேர்க்கிறார்கள். உங்களிடம் லாரி இருக்கிறது.

அதிகாரிகளுக்கும் இதே வேண்டுகோள்தான். கொதிக்கும் குழம்பு பையில் போகக்கூடாது என்று ஒரு வரியை உரிம நிபந்தனையில் சேருங்கள். உடனே எல்லா இடத்திலும் முடியாதென்றால் ஒரே ஒரு டோமிட்டரியில் ஒரு மாதம் செய்து பாருங்கள். டப்பாவை நாங்களே வாங்கிக்கொள்கிறோம். எங்கள் அறையில் பன்னிரண்டு பேர், கேட்டுவிட்டேன், எல்லாரும் சம்மதம். படுக்கைக்குப் போகுமுன் கழுவி, அறை எண் எழுதி வாசலில் வைத்துவிடுவோம்.

பணிவுடன்,
துவாஸிலிருந்து ஒரு கட்டுமான ஊழியர்