ரெட்வுட் காட்டு நடைக்கு எந்த வரைபடம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கலிஃபோர்னியாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து போகிற பெற்றோர் பலர், அங்குள்ள ரெட்வுட் காடுகளிலும் கடற்கரைப் பூங்காக்களிலும் நடக்கிறார்கள். (ரெட்வுட் நம்மூர்ச் செம்மரம் அல்ல, நூறு மீட்டரையும் தாண்டும் ஊசியிலை மரம்.) பழனிப் பாதயாத்திரையில் பழகிய கால்களுக்கு நடை பெரிதில்லை. ஆனால் பழனிப் பாதையில் வழி கேட்க ஆள் உண்டு. அந்தக் காடுகளில் பல இடங்களில் கைப்பேசி சிக்னலே கிடையாது. சரியான வரைபடம் கையில் இருந்தே ஆக வேண்டும்.

பூங்காவில் இலவசமாகத் தரும் மடிப்புத்தாள் கார் நிறுத்துமிடத்தைக் கண்டுபிடிக்கப் போதும். சம உயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) இல்லாத படத்தை நம்பி மலைப்பாதையில் இறங்கக் கூடாது. சமதரையில் மணிக்கு 5 கி.மீ., 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது 1892 முதல் மலை நடையர்கள் போடும் கணக்கு. 10 கி.மீ. நடையில் 600 மீட்டர் ஏற்றம் இருந்தால் 3 மணி நேரம் ஆகும். வயதானவர்கள் அதில் பாதியை மேலும் சேர்த்துக்கொள்வது நல்லது.

அமெரிக்க அரசின் 1:24,000 தலப்படங்கள் (நிலத்தின் மேடு பள்ளங்களைக் காட்டும் வரைபடங்கள்) இணையத்தில் இலவசம். 1 செ.மீ. என்பது தரையில் 240 மீட்டர். மலைப்பகுதித் தாள்களில் கோட்டுக்குக் கோடு உயர வித்தியாசம் பெரும்பாலும் 40 அடி, அதாவது 12 மீட்டர். தாளின் அடியில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பாதையில் ஒரு செ.மீ.க்குள் ஐந்து இடைவெளிகள் வந்தால் 240 மீட்டரில் 60 மீட்டர் ஏறுகிறீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அந்தப் பாதையைத் தவிர்க்கலாம்.

ஆனால் அத்தாள்களில் நடைபாதைகள் முழுமையாக இருப்பதில்லை. டாம் ஹாரிசன், நேஷனல் ஜியாகிரஃபிக் போன்ற நிறுவனங்களின், நனைந்தாலும் கிழியாத பாதைப் படங்களையும் பாருங்கள். வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள்: பாதை பிரியும் ஓரிடத்திலிருந்து அடுத்த பிரிவுக்கு எத்தனை மைல் என்று அச்சிட்டிருக்கிறதா? ரெட்வுட் காட்டில் இதுதான் உயிர்நாடி. மரக்கூரை சிகரங்களை மறைத்துவிடும், ஜி.பி.எஸ். புள்ளியும் அதனடியில் தடுமாறும். கடைசியாகத் தாண்டிய பிரிவு, கடந்த ஓடை, நடந்த நேரம் ஆகியவற்றை வைத்துத்தான் இருக்குமிடத்தைச் சொல்ல முடியும்.

பதிப்பு ஆண்டையும் பாருங்கள். கலிஃபோர்னியாவின் பிக் பேசின் ரெட்வுட் பூங்காவின் பெரும்பகுதி 2020 ஆகஸ்ட் தீயில் எரிந்தது. 2022இல் ஒரு பகுதிதான் திறந்தது. பழைய படத்தில் உள்ள பாதையும் பாலமும் இப்போது இருக்கும் என்று நம்ப முடியாது. ரெட்வுட் தேசியப் பூங்காவில் ரெட்வுட் ஓடையின் நடைப்பாலங்களைக் கோடையில் மட்டுமே போடுகிறார்கள்.

திசைகாட்டியிலும் ஒரு கவனம் வேண்டும். நம் பக்கம் காந்த வடக்குக்கும் (முள் காட்டும் வடக்கு) உண்மை வடக்குக்கும் (வட துருவத்தின் திசை) வித்தியாசம் மிகச் சொற்பம். வட கலிஃபோர்னியக் கரையில் அது கிழக்கே சுமார் 13 டிகிரி. திருத்தாமல் நடந்தால் ஒரு கிலோமீட்டரில் 230 மீட்டர் விலகிப்போவீர்கள். இந்த வித்தியாசம் காலப்போக்கில் மாறுவதால் பழைய தாள்களில் அச்சிட்ட அளவும் இன்று பொருந்தாது.

கடலோரத்தில் ஆபத்து வேறு. சம உயரக் கோடுகள் நெருங்கி வந்து கரைக்கோட்டை ஒட்டினால் அங்கே செங்குத்துப் பாறை. நீர் ஏறினால் ஒதுங்க இடமில்லை. வட கலிஃபோர்னியக் கடலோரத்து லாஸ்ட் கோஸ்ட் பாதையில் உயர் ஓதத்தின்போது (கடல்நீர் ஏறி நிற்கும் நேரம்) கடக்கவே முடியாத நீண்ட பகுதிகள் உண்டு. அவற்றைக் குறித்திருக்கும் படத்தையே வாங்குங்கள். அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வடியத் தொடங்கிய பின் அந்தப் பகுதியில் இறங்குங்கள்.

– ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், காரைக்குடி