இந்த முறை ஆராய்ச்சிக்கும் ஒரு பங்கு

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர், குழந்தைகள் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். நம் குழு நிதியைச் சிகிச்சைச் செலவுக்கு மட்டும் கொடுக்காமல், ஒரு பங்கை ஆராய்ச்சிக்கும் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குழந்தைகளுக்குப் புற்றுநோய் வருவது பெரியவர்களைவிடக் குறைவு; அதிலும் பல வகைகள். ஒவ்வொன்றுக்கும் நோயாளிகள் சிலரே என்பதால் மருந்து கம்பெனிகளுக்கு அதில் பெரிய லாபம் இல்லை. நன்கொடைதான் கைகொடுக்க வேண்டும்.

முன்பு கொடுத்தும் இருக்கிறது. 1947-48-இல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. (அம்மருந்தை உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.) 1948 மே மாதம் ‘ஜிம்மி’ என்ற புனைபெயரில் ஃபார்பரிடம் சிகிச்சை பெற்ற ஒரு சிறுவன் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வானொலியில் பேசினான். பேஸ்பால் ஆட்டம் பார்க்க ஒரு டிவி வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. மக்கள் அனுப்பிய பணம் 2 லட்சம் டாலரைத் தாண்டியது. அவனுக்கு டிவி கிடைத்தது. ஃபார்பரின் ஆராய்ச்சிக்கு நிதியும் கிடைத்தது.

இன்று பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குழந்தைகள் குணமாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏழை, நடுத்தர நாடுகள் பலவற்றில் 30-க்கும் கீழே. இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, விருப்பமுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் பொருளாளருக்குத் தனியாகத் தெரிவியுங்கள். தொகை அவரவர் வசதி. ஆராய்ச்சிக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கும் அமைப்பாகப் பார்த்துக் கொடுத்து, வருமான வரிச் சலுகைக்கான ரசீதை இங்கேயே பகிர்கிறோம்.