பாலஸ்தீனத்துக்குத் தொண்டு செய்யப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலஸ்தீன மக்களுக்குத் துணையாகப் போய் நிற்கலாமா என்று கீழக்கரை, தொண்டி, தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல மனசு. ஆனால் போய் என்ன வேலை செய்வது என்பது தெரிந்துதான் கிளம்ப வேண்டும். காஸாவுக்குள் மருத்துவக் குழு போன்றவர்களைத் தவிர வெளியார் போக வழியில்லை. எனவே இது பாலஸ்தீனத்தின் இன்னொரு பகுதியான, இஸ்ரேல் ராணுவத்தின் பிடியில் உள்ள மேற்குக் கரை பற்றியது.

இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் செய்த 1995 ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று பிரித்தது. சுமார் 60 சதவீத நிலம் சி பகுதி. அங்கே காவலும் கட்டட அனுமதியும் முழுக்க இஸ்ரேல் கையில். வெளிநாட்டுத் தொண்டர் பெரும்பாலும் வேண்டியிருப்பது அங்கேதான். மேய்ச்சலுக்குப் போகும் ஆட்டுக்காரரோடு நடப்பது, பள்ளிப் பிள்ளைகள் வழியில் நிற்பது, ஆலிவ் பறிப்பது.

ஆலிவை நம் பக்கம் ஜைத்தூன் என்போம். அறுவடை அக்டோபர், நவம்பரில். நமக்குக் கடலுக்குப் போக டோக்கன் வேண்டியிருப்பது போல, யூதக் குடியேற்றத்தை (இஸ்ரேலியர் வந்து குடியமர்ந்த ஊரை) ஒட்டிய தோட்டக்காரருக்குச் சொந்த மரத்தடிக்குப் போகவே ராணுவத்தின் அனுமதி நாள் வேண்டும். கிடைப்பது பல இடங்களில் வருடத்துக்குச் சில நாட்கள்தான். அதற்குள் மொத்த மரத்தையும் பறித்தாக வேண்டும் என்பதால்தான் வெளி ஆள் கை அவ்வளவு முக்கியமாகிறது. வருடம் முழுக்க உழவும் கவாத்தும் இல்லாததால் களை இடுப்பளவு நிற்கும், காய்ப்பும் குறையும்.

மரத்தடியில் தார்ப்பாய் விரித்து, கையாலோ சின்னப் பிளாஸ்டிக் சீப்பாலோ கிளையைக் கோதி இறக்க வேண்டும். கம்பால் அடித்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அடுத்த வருடம் காய்க்க வேண்டிய இளங்கிளை ஒடிந்துவிடும். புதிதாக வருபவர்கள் அவசரத்தில் செய்யும் முதல் தவறு இது. பறித்த காயை பிளாஸ்டிக் சாக்கில் இறுகக் கட்டி வைத்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும். ஐஸ் போடாத மீனின் கதிதான். காற்றோட்டமான பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் செக்குக்குக் கொண்டுபோக வேண்டும். ஏறக்குறைய 5 கிலோ காய்க்கு ஒரு லிட்டர் எண்ணெய் வரும். செக்போஸ்ட்டில் வண்டி நின்றுவிட்டால் அந்தக் குடும்பத்தின் வருட வருமானமே கெட்டுப்போகும்.

மேற்குக் கரை நகரமான ஹெப்ரோனுக்குத் தெற்கே தூபா என்ற சிற்றூர்ப் பிள்ளைகள் அத்-துவானி என்ற ஊரின் பள்ளிக்கு ஒரு குடியேற்றத்தின் ஓரமாக நடக்க வேண்டியிருந்தது. தாக்குதல்கள் நடந்ததால் 2004இல் ராணுவ ஜீப் துணை ஏற்பாடானது. ஜீப் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பிள்ளைகள், கடைசி வரை கூட வந்ததா என்று தொண்டர்கள் தினமும் நோட்டில் எழுதினார்கள். ஒரு நாள் குறிப்பு வெறும் புகார். மாதக்கணக்கில் விடாமல் எழுதினால்தான் வக்கீலுக்குச் சான்று. வீடியோவும் அப்படித்தான்: தேதி, நேரம், இடம் சொல்லித் தொடங்குங்கள். கேமராவை அகலமாகப் பிடியுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். வீட்டார் முகத்தை அவர்களைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

முக்கியமாகச் சொல்ல வேண்டியது இனிமேல்தான். ஒரே மரத்தடியில் நிற்கும் இரண்டு பேருக்கு இரண்டு சட்டம். பிடிபட்டால் வெளிநாட்டவரை விமானம் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பாலஸ்தீனரோ ராணுவ நீதிமன்றத்துக்குப் போவார். குற்றச்சாட்டே இல்லாமல் மாதக்கணக்கில் அடைத்து வைக்கும் நிர்வாகக் காவலும் உண்டு. தொண்டர் சிப்பாயிடம் எகிறினால் அதற்கு விலை கொடுப்பது அந்த வீட்டுக்காரர். அதனால் நிற்பதா, கிளம்புவதா என்று முடிவு செய்வது அவர்தான். ‘இது மூடிய ராணுவப் பகுதி, வெளியேறுங்கள்’ என்று சிப்பாய் சொன்னால் எழுத்து உத்தரவையும் வரைபடத்தையும் காட்டச் சொல்லலாம். குரலை உயர்த்தக் கூடாது.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் கேடயமாகும் என்று நம்ப வேண்டாம். 2003 மார்ச்சில் காஸாவின் ரஃபாவில் ராணுவ புல்டோசரால் ரேச்சல் கோரி என்ற தொண்டர் இறந்தார். 2024 செப்டம்பரில் மேற்குக் கரையின் பைதாவில் ராணுவத்தினர் சுட்டதில் அய்ஷெனூர் எஸ்கி எய்கி என்ற தொண்டர் இறந்தார். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். இதைப் பெற்றோரிடம் மறைத்துவிட்டு யாரும் கிளம்பக் கூடாது.

மேற்குக் கரைக்குப் போகவும் இந்தியருக்கு முன்கூட்டியே இஸ்ரேல் விசா வேண்டும். விமான நிலையத்திலோ ஜோர்டான் பக்கத்து அலன்பி பாலத்திலோ மணிக்கணக்கில் விசாரித்துத் திருப்பி அனுப்பவும் செய்வார்கள். இஸ்ரேலைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தவர்களை உள்ளே விடாமலிருக்க 2017இல் சட்டமே வந்தது. இஸ்ரேல் போன அடையாளம் பாஸ்போர்ட்டில் இருந்தால் பிறகு குவைத்துக்குள் நுழைவதில் சிக்கல் வரும். வளைகுடா வேலையை நம்பியிருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

தண்ணீரை நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருணி வற்றியதையும் லாரிக்குக் குடம் வரிசை போட்டதையும் பார்த்தவர்கள் நாம். அங்கே மலை ஊர்களில் மழைநீர் சேர்க்கும் பாறைத் தொட்டிகள், கூரை டேங்க், டேங்கர். அனுமதியில்லை என்று தொட்டியையே இடித்த ஊர்களும் உண்டு. விருந்தாளி தினமும் தலைக்குக் குளித்தால் வீட்டார் வாய் திறக்க மாட்டார்கள், ஆனால் ஆட்டுக்குத் தண்ணீர் குறையும். குளிர்தான் நமக்குப் புதுசு. ஜனவரியில் அந்த மலைகளில் உறைபனி விழும், கம்பளிச் சட்டை இரண்டு இல்லாமல் முடியாது.

ஓதக் கற்ற அரபி மட்டும் பேச்சுக்குப் போதாது. வளைகுடாவில் பல வருடம் உழைத்துத் திரும்பிய நம் ஊர் ஆண்களின் பேச்சு அரபி, உச்சரிப்பு வேறானாலும், அங்கே புரியும். போக நினைக்கும் பிள்ளைகள் முதலில் தெருவில் இருக்கும் அந்த மாமாக்களிடம் மூன்று மாதம் உட்கார்ந்து பேசிப் பழகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கீழக்கரை, ராமநாதபுரம் மாவட்டம்.